‘கொடை வண்டி’யா, ‘பிரிப்பு வண்டி’யா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

விபத்தில் நொறுங்கிய வண்டியிலிருந்து இருக்கை, டேஷ்போர்டு, கதவின் உட்பலகை, கூரைத்துணி ஆகியவற்றைக் கழற்றி அதே மாடலைச் சேர்ந்த இன்னொரு வண்டியில் பொருத்துகையில், பாகம் தரும் வண்டியைக் ‘கொடை வண்டி’ எனலாம் என்று நம் சொல்லாக்கக் குழுவில் முன்மொழியப்பட்டது. ஆங்கிலத்தில் டோனர் கார் (donor car) என்பதன் வழியே அப்பெயர் தோன்றியது இயல்பு. ஆயினும் எனக்கு அதில் உடன்பாடில்லை.

குமரி மாவட்டத்தில் கொடை என்றதும் நினைவுக்கு வருவது சுடலைமாடனுக்கும் முத்தாரம்மனுக்கும் நடத்தும் கோயில் கொடையே. கொடை வண்டி என்றால் வில்லுப்பாட்டுக் குழுவினரை ஏற்றி வந்த வண்டி என்றுதான் இங்குள்ளவர் கொள்வர். இது வட்டார வழக்குதானே என்று ஒதுக்கினாலும், மனமுவந்து தருவதே கொடையாகும். நசுங்கிக் கிடக்கும் வண்டிக்கு அது பொருந்தாது. ‘வழங்கி’ என்பதையோ கணினித் துறையினர் சர்வருக்கு முன்பே எடுத்துக்கொண்டார்கள்.

நாகர்கோவிலில் என் தம்பியின் காருக்கு உள்ளணி (இன்டீரியர்) மாற்றியபோது பட்டறையில் உடனிருந்தேன். பழைய இரும்பு வாங்கும் ஆக்கர் கடைக்கு எடைக்குப் போகவிருந்த, பாகம் தந்த வண்டியை மெக்கானிக் ‘பிரிக்க எடுத்த வண்டி’ என்றே சொன்னார். பேட்டரி இணைப்பை நீக்கிச் சில நிமிடங்கள் காத்திருந்த பின்னரே, இருக்கைக்கு அடியில் பக்கவாட்டுக் காற்றுப்பைக்கு (ஏர்பேக்) செல்லும் மஞ்சள் நிறச் செருகியில் கைவைத்தார். கதவுப் பலகையின் பிளாஸ்டிக் கிளிப்புகளை ஒன்றுகூட முறியாமல் நெம்பி எடுத்தார். இவ்வளவு பக்குவமான வேலைக்கு ‘உடைப்பு வண்டி’ என்று பெயரிடுவது தகாது. அரசு அலுவலக வழக்கான ‘கண்டம்’, வண்டி ஓடத் தகுதியற்றது என்ற நிலையை மட்டுமே உணர்த்தும். அதன் பாகம் இன்னொரு வண்டிக்குப் போகிறது என்னும் உறவு அதில் இல்லை.

ஆகவே பாகம் தருவதற்குப் ‘பிரிப்பு வண்டி’, அதைப் பெறுவதற்கு ‘ஏற்பு வண்டி’ என்ற இணையை முன்வைக்கிறேன். இவற்றோடு மூன்றாவதாக ஒரு சொல்லும் தேவை. மோதலில் விரிந்த காற்றுப்பையும், அப்போது தன் இறுக்கியிலுள்ள சிறு வெடிமருந்தால் ஒருமுறை இறுகிய இருக்கைப்பட்டையும் மீண்டும் பயன்படமாட்டா. அவற்றை மாற்றிப் பொருத்துவது உயிருக்கே ஆபத்து. முன்புறம் மோதிய வண்டியில் காற்றுப்பை டேஷ்போர்டையும் பிளந்திருக்கக்கூடும் என்பதால், டேஷ்போர்டு வேண்டுமெனில், பின்புறத்தில் மோதல் ஏற்பட்ட வண்டியைத் தேடுவதே நல்லது. இவ்வாறு எடுக்கக்கூடாதவற்றை ‘விலக்குப் பாகம்’ எனலாம்.

ஒன்றில் மட்டும் எனக்குத் தெளிவு கிடைக்கவில்லை. பிரிப்பு வண்டியின் மீட்டர் ஏற்பு வண்டியில் சரியாகவே பொருந்தலாம். ஆனால் அது ஓடிய கிலோமீட்டர் கணக்கு பழைய வண்டிக்கு உரியது. கெடாத, ஆயினும் பொய்க் கணக்குக் காட்டும் அப்பாகத்தையும் விலக்கில் சேர்க்கலாமா, அல்லது அதற்கெனத் தனிச்சொல் வேண்டுமா என்பதை நண்பர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.