முறிந்த ஹோஸ் இணைப்பு: உள்ளே சிக்கிய துண்டை எப்படி எடுப்பது?

வணக்கம் நண்பர்களே. என் காருக்கு வயது 19. ஹீட்டர் ஹோஸை (இன்ஜினின் சூடான கூலன்ட் நீரைக் காருக்குள் இருக்கும் ஹீட்டருக்குக் கொண்டுபோகும் ரப்பர் குழாய்) மாற்றலாம் என்று கிளிப்பைத் தளர்த்தி லேசாகத்தான் திருப்பினேன். இன்ஜினில் திருகியிருந்த பிளாஸ்டிக் இணைப்பு அப்பளம்போல நொறுங்கிவிட்டது. பாதி ஹோஸோடு வந்துவிட்டது. மீதி, மரையோடு சேர்ந்து அலுமினியத் துளைக்குள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது.

குறடால் விளிம்பைப் பிடித்தால் பழுப்பேறிய துகள்களாக உதிர்கிறது. இரண்டொன்று உள்ளே விழுந்திருக்கும் என்பதுதான் என் கவலை. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளுமா? தண்ணீர் விட்டு அலசினால் வெளியே வந்துவிடுமா?

ஹாக்ஸா பிளேடால் துண்டின் உட்புறம் இரண்டு கீறல் போட்டு, உள்பக்கமாக மடக்கி எடுக்கலாம் என்று நினைக்கிறேன். பிளேடு அலுமினிய மரையைத் தொட்டுவிட்டால் கதை கந்தல். செய்து பார்த்தவர்கள் பக்குவம் சொல்லுங்கள்.

எபாக்சி வைத்து ஒட்டும் யோசனை மட்டும் வேண்டாம். சூடேறினால் உள்ளே ஏறத்தாழ 1 பார் அழுத்தம் ஏறும்; நடுவழியில் ஆவி பறக்க நிற்க எனக்குத் தெம்பில்லை.

புதிய இணைப்பைப் பித்தளையில் போடலாமா? மரைக்கு டெஃப்லான் டேப் போதுமா, சீலன்ட் தடவ வேண்டுமா? படம் வேண்டுமென்றால் எடுத்துப் போடுகிறேன்.