மறு: ‘செயின் ஷிஃப்ட்’ – உயிர்த்திரிபா, தொடர்பெயர்ச்சியா?

குழுவினருக்கு வணக்கம்.

ஓர் உயிரொலி இடம்மாற, அடுத்தடுத்த உயிரொலிகளும் தொடர்ந்து இடம்மாறுவதை ஆங்கிலத்தில் ‘செயின் ஷிஃப்ட்’ (chain shift) என்பர். பாடநூலின் ஒலியியல் இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும் என்பதால், அதற்குத் தமிழில் ‘உயிர்த்திரிபு’ என்ற முன்மொழிவை நான் ஏன் ஏற்கவில்லை என்று விளக்கிவிடுகிறேன்.

அவ்வியலின் எடுத்துக்காட்டு, ஆஸ்திரேலியரும் நியூசிலாந்தினரும் ஒருவரையொருவர் சீண்டிக்கொள்வது. நியூசிலாந்தினர் ‘ஃபிஷ் அண்ட் சிப்ஸ்’ என்றால் ஆஸ்திரேலியர் காதில் ‘ஃபஷ் அண்ட் சப்ஸ்’ என்று விழும். ஆஸ்திரேலியர் சொல்வதோ நியூசிலாந்தினருக்கு ‘ஃபீஷ் அண்ட் சீப்ஸ்’. இருவரும் பிழையாகப் பேசவில்லை. நியூசிலாந்தில் ‘பேட்’ (bat) என்பதன் உயிர் மேலேறி, அதாவது நா சற்று உயர்ந்து ஒலித்து, ‘பெட்’டை (bet) நெருங்க, ‘பெட்’டின் எகரம் ‘பிட்’டை (bit) நெருங்க, இடமிழந்த இகரம் வாயின் நடுப்பகுதிக்கு ஒதுங்கியது. 1946 முதல் 1948 வரை அந்நாட்டு வானொலியின் நடமாடும் குழு முதியோரிடம் பதிந்த பேச்சை ஆராய்ந்த கேன்டர்பரி பல்கலைக்கழகத்தார், மேலேற்றம் முந்தியது, இகரம் ஒதுங்கியது பிந்தியது என்று காட்டியிருக்கிறார்கள்.

திரிதல், நிலைமொழியும் வருமொழியும் சேருமிடத்தில் ஓரெழுத்து இன்னோரெழுத்தாவது. இங்கே புணர்ச்சியே இல்லை. மேலும், திரிபு என்றால் கெட்டுப்போனது என்றே மாணவர் கொள்வர். அண்டை நாட்டாரின் கேலியை நாமே இலக்கணமாக்கியதாகிவிடும்.

‘அடுத்தூர்வது அஃதொப்பது இல்’ என்ற குறளடியிலிருந்து ‘அடுத்தூர்தல்’ என்று ஆளலாம் என்ற பரிந்துரை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நெருங்கி மேற்சென்று வெல்லுதல் என்ற பொருள் நன்றாகவே பொருந்துகிறது. ஆயினும் முதலாண்டு மாணவருக்கு உரையில்லாமல் அது விளங்காது.

நியூசிலாந்து இகரத்தைக் குற்றியலுகரமாகக் கொள்ளலாம் என்பதற்கு, மொழிமுதலில் குற்றியலுகரம் வரும் ‘நுந்தை’யைச் சான்று காட்டியிருந்தீர்கள். இதழ் குவியாமை இரண்டுக்கும் பொதுதான். ஆனால் நம் குற்றியலுகரத்தில் நா பின்னே நிற்கிறது, அங்கே நடுவில் நிற்கிறது. அதைத் தனி இழையில் பேசுவோம்.

என் வாக்கு ‘தொடர்பெயர்ச்சி’க்கே; வினைத்தொகை என்பதால் ஒற்று மிகாது. சனிப்பெயர்ச்சி நினைவுக்கு வருகிறது என்ற மறுப்பு உண்மையில் அதற்குத் துணையாகிறது: ஒரு வீட்டை விட்டு அடுத்த வீட்டுக்குப் போவதே பெயர்ச்சி என்பதை ஊரே அறியும்.

———

மறுமொழி:

ஐயா, பெரும்பான்மை ‘தொடர்பெயர்ச்சி’க்கு என்பதால் அச்சுக்குப் போகட்டும், என் மறுப்பையும் பதிந்துகொள்ளுங்கள். இகரம் தள்ளப்பட்டதா, தானே விலகி மற்றவற்றை இழுத்ததா என்பதை அச்சொல் சொல்லவில்லை. ‘அடுத்தூர்தல்’ தள்ளலைத் தெளிவாகச் சொல்கிறது. அடுத்த பதிப்பில் இவ்விரண்டு வகைகளையும் பிரித்துப் பெயரிடும்போது அதை மீண்டும் முன்வைப்பேன்.