மூன்று கேஜ், மூன்று கணக்கு: டயர் காற்றை அளக்க எதை நம்புவது?

வலதுபின்டயர்:
வணக்கம். என் கார் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் டயர் காற்றழுத்தம் 33 பி.எஸ்.ஐ. என்று இருக்கிறது. இன்று காலை வண்டியை எடுக்கும் முன்பே, ஒரே டயரில் என்னிடம் இருக்கும் மூன்று கேஜையும் வைத்துப் பார்த்தேன். பேனா மாதிரி இருக்கும் குச்சி கேஜ் 29 என்கிறது. டிஜிட்டல் 33.5. அப்பா காலத்து டயல் கேஜ் 31.

டிஜிட்டல் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை, ஆனால் இது மூன்றாவது. முதலாவது பேட்டரி தீர்ந்ததும் செத்தது. திறந்து மாற்றலாம் என்றால் பிளாஸ்டிக்கை ஒட்டியே விட்டிருக்கிறார்கள். இரண்டாவதில் திரையின் இடப்பக்கக் கோடுகள் போய்விட்டன, 8 வந்தாலும் 3 மாதிரிதான் தெரியும். வருடத்துக்கு ஒன்று வாங்கித் தூக்கிப்போட அலுத்துவிட்டது. பத்து வருடம் உழைக்கிற மாதிரி ஒன்று சொல்லுங்கள்.

காத்துவண்டி:
மூன்றையும் கூட்டி மூன்றால் வகுங்க. 31 சொச்சம் வரும். வேலை முடிந்தது 😄

பழையஸ்பேனர்:
அப்படி வகுத்தால் நல்ல கேஜையும் கெட்டதாக்கிவிடுவீர்கள். தம்பி, புதிதாக வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரே டயரில் ஒவ்வொரு கேஜையும் ஐந்து முறை வைத்து, வந்ததை எழுதுங்கள். எண் சரியா தப்பா என்பது அப்புறம். ஐந்து முறையும் ஒரே எண்ணைச் சொல்கிறதா என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். எப்போதும் 2 குறைத்துக் காட்டும் கேஜோடு காலம் தள்ளலாம். ஒருநாள் கூட்டி, ஒருநாள் குறைத்துக் காட்டுவதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

வலதுபின்டயர்:
செய்துவிட்டேன் அண்ணா.
குச்சி: 27, 29, 31, 28, 29
டிஜிட்டல்: 33.5, 33.5, 33, 33.5, 33.5
டயல்: ஐந்து முறையும் 31

பழையஸ்பேனர்:
குச்சியை வைக்கும்போது உஸ்ஸென்று கசிகிறதா? வாய்க்குள்ளே சின்ன ரப்பர் வாஷர் இருக்கும், நகத்தால் அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இறுகியிருந்தால் குற்றம் கேஜில் இல்லை, வாஷரில்.

அப்பாவின் டயலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உள்ளே இருப்பது போர்டன் குழாய். 1849-இல் காப்புரிமை வாங்கப்பட்ட சங்கதி, இன்றும் அதேதான். வளைந்த உலோகக் குழாய்க்குள் காற்று போனதும் அது கொஞ்சம் நிமிரும், அந்த அசைவைப் பல்சக்கரம் முள்ளுக்குக் கொண்டுபோகும். பேட்டரி கிடையாது, கெட்டுப்போகவும் அதிகம் இல்லை. கீழே போட்டால் மட்டும் கோபித்துக்கொள்ளும். காற்று இல்லாதபோது முள் சரியாகச் சுழியத்தில் நிற்கிறதா?

வலதுபின்டயர்:
சுழியத்தில் ஒரு குட்டி ஆணி இருக்கிறது. முள் அதில் சாய்ந்து நிற்கிறது.

பழையஸ்பேனர்:
அந்த ஆணிதான் வில்லன். முள் 2 இறங்கிப்போயிருந்தாலும் ஆணி தடுத்து, ஒன்றுமே நடக்காத மாதிரி சுழியத்தில் நிறுத்திவிடும். நான் வாங்கும்போது ஆணி இல்லாத டயலாகத்தான் பார்ப்பேன். உங்களுடையதை நம்பகமான ஒரு கேஜோடு 25, 30, 35, 40 என நான்கு இடத்தில் ஒப்பிடுங்கள். வித்தியாசம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருந்தால் முள் நகர்ந்திருக்கிறது, சரிசெய்யலாம். அழுத்தம் ஏற ஏற வித்தியாசமும் மாறினால் குழாயோ பல்சக்கரமோ பழுது.

மில்லிபார்:
டிஜிட்டலை இப்படி ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். நல்ல சென்சார் உள்ளது டயலைவிடத் துல்லியமாகவே இருக்கும். திருகு கழற்றி பேட்டரி மாற்ற முடிகிறதா என்று பார்த்து வாங்கினால் போதும். ஒன்று, தசமப் புள்ளியைப் பார்த்து ஏமாறாதீர்கள். 0.1 வரை காட்டுவது வேறு, 0.1 வரை சரியாக இருப்பது வேறு.

டயல் வாங்குவதாக இருந்தால் 0–60 வாங்குங்கள், 0–160 வேண்டாம். பிழையை முழு அளவுகோலுக்குத்தான் கணக்குப் போடுவார்கள். அழுத்த கேஜ்களுக்கான அமெரிக்கத் தரமான ஏ.எஸ்.எம்.ஈ. பி40.100-இல் 'பி' வகுப்பு என்றால் அளவுகோலின் நடுப்பகுதியில் 2 சதவீதம், ஓரங்களில் 3. 60-இல் 2 சதவீதம் 1.2 பி.எஸ்.ஐ.தான். 160 உள்ளதில் 33 என்பது ஓரத்தில் விழும், அங்கே 3 சதவீதம் கிட்டத்தட்ட 5. ஸ்டிக்கர் எண்ணுக்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும்.

பழையஸ்பேனர்:
பேட்டரி விஷயம் ஒப்புக்கொள்கிறேன். என்னுடைய கணக்கு இது: ரப்பர் உறை, வளையும் ஹோஸ், எண்ணைப் பிடித்துவைக்கும் வால்வு, கூடுதல் காற்றை விடும் பொத்தான். இதற்கெல்லாம் மேலே, வாஷர் தனியாக விற்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள். உதிரிபாகம் விற்காதவன் பொருளை நான் தொடுவதில்லை. 'வாழ்நாள் உத்தரவாதம்' என்றால் பல நேரம், இது செத்தால் இதே மாதிரி இன்னொன்று தருவார்கள், அவ்வளவுதான்.

காத்துவண்டி:
சும்மா கிண்டல் பண்ணிட்டுப் போயிட்டேன், உருப்படியா ஒண்ணு சொல்றேன். ஒப்பிடும்போது இரண்டு கேஜையும் அடுத்தடுத்து வைங்க. காலையில் ஒன்று, வெயிலில் ஒன்று என்று பார்த்தால் 10 டிகிரி செல்சியஸ் ஏறினாலே ஒன்றரை பி.எஸ்.ஐ. போல ஏறிவிடும். வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்கணும்.

வலதுபின்டயர்:
நான்கு நாள் கழித்து வருகிறேன். ரேஸ் வண்டி வைத்திருக்கும் நண்பரிடம் சான்றிதழோடு ஒரு கேஜ் இருந்தது. டயல் நான்கு இடத்திலும் சரியாக 2 குறைவு. டிஜிட்டல் 30 வரை சரி, 35-இல் அரை கூடுதல், 40-இல் ஒன்று கூடுதல்.

டயலின் கண்ணாடி திருகு வளையம்தான், கழன்று வந்துவிட்டது. டயரை நண்பரின் கேஜில் 30-க்குக் கொண்டுவந்து, நம் டயலில் அந்த அழுத்தத்தைப் பிடித்துவைத்தேன். முள்ளை இரண்டு பக்கமும் சமமாக நெம்பி எடுத்து, 30-இல் வைத்து அழுத்தினேன். கை நடுங்கியது உண்மை. இப்போது நான்கு இடத்திலும் ஒத்துப்போகிறது. குச்சிக்கு வாஷர் மாற்றியதும் ஐந்து முறையும் 32, 33-க்குள் நிற்கிறது. புதிதாக எதுவும் வாங்கவில்லை.

கையோடு ஸ்டெப்னியையும் பார்த்தேன். 18.

பழையஸ்பேனர்:
அதையாவது கேஜ் மேல் பழி போடாதீர்கள் தம்பி.