அம்மாவுக்கு மறுமணம்: அப்பா பென்ஷன் நின்னுடுமாங்க?

கேள்வி: அம்மா திருப்பூர் பனியன் கம்பெனியில லைன் சூப்பர்வைசர். பக்கத்து லைன் சூப்பர்வைசரைத் திட்டாத நாளே இல்லைங்க: "என்ற ஓவர்லாக் டெய்லரையும் இழுத்துட்டாரு கண்ணு!" இப்ப அவரையே கட்டிக்கப் போறாங்க. எனக்குச் சந்தோசம்தான், மாமன் மூஞ்சிதான் சரியில்ல. இறந்துபோன அப்பாவோட பி.எஃப். பென்ஷன், வீட்டுல அம்மா பங்கு என்னாகும்?

பதில்: 1995 பென்ஷன் திட்டத்துல விதவை பென்ஷன் மறுமணம் வரைக்கும்தான். மறைச்சு வாங்குனா திருப்பிக் கட்டச் சொல்லுவாங்க. 25 வயசுக்குள்ள தம்பி, தங்கச்சி இருந்தா அவங்க பென்ஷனைத் தனியா விசாரிங்க.

பதில்: இந்துக் குடும்பம்னா, உயில் இல்லாம அப்பா போனப்பவே பங்கு அம்மாவுக்கு வந்தாச்சு. கல்யாணத்தால போகாது. மாமன் மிரட்டுனா இதைச் சொல்லுங்க.

பதில்: அந்த டெய்லர் இப்ப யாரு லைன்ல?

கேட்டவர்: அதுல இன்னும் சண்டைதானுங்க. பென்ஷன் போனாப் போகட்டும்னுட்டாங்க. வீட்டுப் பத்திரத்தை மாமன்கிட்ட இருந்து எப்படி வாங்குறது?