பத்துப் பதக்கம் அவருடையதா, அணியுடையதா? ஹென்றி ஷெஃப்லின்

கில்கென்னி_ரசிகன்:
அயர்லாந்தில் மட்டையும் பந்தும் வைத்து ஆடும் ஹர்லிங் ஆட்டத்தில் ஹென்றி ஷெஃப்லினைவிடப் பெரிய ஃபார்வர்டு (முன்வரிசைத் தாக்குதல் ஆட்டக்காரர்) யாரும் இல்லை என்பது என் கட்சி. 1999இல் கில்கென்னி கவுன்டி (மாவட்ட) அணிக்கு ஆட வந்தவர், 2015இல் ஓய்வு பெறும்போது பத்து ஆல் அயர்லாந்து பதக்கங்கள், அதாவது கவுன்டிகள் வருஷந்தோறும் மோதும் சாம்பியன்ஷிப்பை வென்ற பதக்கங்கள், வைத்திருந்தார். ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது மூன்று முறை: 2002, 2006, 2012. முதல் விருதுக்கும் கடைசி விருதுக்கும் இடையில் பத்து வருஷம்! முழங்கால் தசைநார் இரண்டு முறை கிழிந்து மீண்டு வந்தவர். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

தெற்குக்காற்று:
இருக்கிறது. பதக்கம் அணிக்குக் கிடைப்பது. அதே காலத்தில் கில்கென்னிக்குப் பிரையன் கோடி பயிற்சியாளர், பின்னால் அசைக்க முடியாத தடுப்பு வரிசை, நடுவில் பந்தைப் பிடுங்கித் தர ஆட்கள். கால்வேயின் ஜோ கேனிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பியன்ஷிப்பில் ஷெஃப்லின் 71 ஆட்டத்தில் 27 கோல், 484 பாயின்ட். கேனிங் 62 ஆட்டத்திலேயே 27 கோல், 485 பாயின்ட். பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் ஒரு பாயின்ட், கீழே வலைக்குள் போனால் கோல்; ஒரு கோல் மூன்று பாயின்டுக்குச் சமம், கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆட்டத்துக்கு ஒருவர் எட்டு, மற்றவர் ஒன்பதுக்கு மேல். ஆனால் கேனிங்குக்குக் கிடைத்தது ஒரே ஒரு ஆல் அயர்லாந்து, 2017இல். இந்த ஆட்டத்தில் சம்பளம் கிடையாது, நல்ல அணியாகப் பார்த்துத் தாவும் வழக்கமும் கிடையாது. பெரும்பாலும் பிறந்த கவுன்டிக்குத்தான் ஆடுவார்கள். எங்கே பிறந்தார் என்பதற்காக ஒருவரை உயர்த்துவது நியாயமா?

கில்கென்னி_ரசிகன்:
எண்ணிக்கை சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இருவர் கணக்கிலும் ஃப்ரீ (எதிரணி தவறு செய்ததற்குக் கிடைக்கும் தனி அடி) அடித்த பாயின்டுகள்தான் அதிகம். ஷெஃப்லினின் வேலை அதற்கப்புறம்தான் ஆரம்பம்: நெரிசலுக்குள் புகுந்து பந்தை எடுப்பது, தடுப்பாளரை மட்டையோடு மறிப்பது, பக்கத்தில் இருப்பவனுக்குத் தட்டிவிடுவது. ஸ்கோர் அட்டையில் இதற்கெல்லாம் இடமே இல்லை.

தெற்குக்காற்று:
சரி, நெருக்கடிக்கு வருவோம். 2012 இறுதி ஆட்டம், கில்கென்னிக்கும் கால்வேக்கும். கடைசி நிமிடங்கள், ஸ்கோர் சமம், ஷெஃப்லினுக்குப் பெனால்டி. கோல் அடித்திருந்தால் கோப்பை கையில். அவரோ பந்தைக் கம்பத்துக்கு மேலே தட்டி ஒரு பாயின்ட் எடுத்தார். அடுத்து கேனிங் ஃப்ரீயில் சமன் செய்தார், ஆட்டம் மறு ஆட்டத்துக்குப் போனது. மிகப் பெரிய ஃபார்வர்டு அந்த இடத்தில் கோலுக்கு அடிக்க வேண்டாமா?

டப்ளின்_வாசி:
அன்றைக்கு இறுதி ஆட்டம் நடந்த குரோக் பார்க் மைதானத்தில் நான் இருந்தேன், அதனால் குறுக்கே வருகிறேன். அந்தக் காலத்துப் பெனால்டி இன்றைக்கு இருப்பது போல ஒருவருக்கு ஒருவர் அல்ல. கோல் கோட்டில் மூன்று பேர் மட்டையோடு நிற்பார்கள். பந்தைத் தரையிலிருந்து மட்டையால் தூக்கி, அது காற்றில் இருக்கும்போதே மூன்று பேரையும் தாண்டி அடிக்க வேண்டும். ஷெஃப்லின் பந்தருகே குனிந்தபோது என்னைச் சுற்றி எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். பந்து மேலே போனதும் பாதிப் பேர் கத்தினார்கள், பாதிப் பேருக்கு வாய் திறந்தபடியே நின்றது. நான் கத்திய கூட்டம். சமநிலையில் கையில் வரும் ஒரு பாயின்டை விட்டுவிட்டு மூன்று மட்டைகளை நோக்கி அடிப்பதைத் துணிச்சல் என்று என்னால் சொல்ல முடியாது. 2009 இறுதியில் டிப்பரெரியிடம் பின்தங்கியிருந்தபோது இதே ஷெஃப்லின் பெனால்டியைக் கோலாகவே அடித்தார், நான்காவது தொடர் கோப்பை வந்தது. எப்போது எதை அடிப்பது என்று தெரிந்தவர்.

தெற்குக்காற்று:
மூன்று பேர் நிற்பார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை. அந்தக் குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் பதக்கக் கணக்கில் மாறமாட்டேன். பத்தாவது பதக்கம் வந்த 2014இல் அவர் மாற்று ஆட்டக்காரராகத்தான் இறங்கினார். கார்க்கின் கிறிஸ்டி ரிங்குக்கு எட்டுப் பதக்கம், ஒரு தோல்வியோடு வருஷமே முடிந்துபோகும் காலத்தில் வாங்கியவை. எட்டைவிடப் பத்து பெரிது என்று அதை அப்படியே ஒதுக்க முடியுமா?

கில்கென்னி_ரசிகன்:
ரிங்கை யாரும் ஒதுக்க முடியாது. ஆனால் அணிதான் எல்லாம் என்றால் 2010ஐப் பாருங்கள். அரையிறுதியில் ஷெஃப்லினின் முழங்கால் போனது. இறுதிக்கு முன்னால் கில்கென்னியின் நோலன் பார்க் மைதானத்தில் நடந்த பயிற்சிக்கு ஆயிரக்கணக்கில் ஜனம் திரண்டது, அவர் ஓடுகிறாரா என்று பார்க்க. ஓடினார். இறுதியில் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, முழங்கால் மறுபடி விட்டது, வெளியே வந்தார். டிப்பரெரி ஜெயித்தது. ஐந்தாவது தொடர் கோப்பை கைவிட்டுப் போனது. கோடி இருந்தார், தடுப்பு வரிசையிலும் பெரும்பாலோர் இருந்தார்கள். ஷெஃப்லின்தான் இல்லை.

தெற்குக்காற்று:
அன்று டிப்பரெரியின் லார் கார்பெட் மூன்று கோல் அடித்தாரே! ஷெஃப்லின் ஃபார்வர்டு, அவர் நின்றிருந்தாலும் அந்த மூன்றில் எதைத் தடுத்திருப்பார்?