பீநட் பட்டர் குக்கீ: அச்சில் பிழிவதா, முள்கரண்டியால் அழுத்துவதா?

டேட்டன்வாசி:
டிசம்பரில் எங்கள் தெருவில் குக்கீப் பரிமாற்றம் நடக்கிறது. ஒவ்வொரு வீட்டாரும் ஒரே வகைக் குக்கீயை நிறையச் சுட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மற்றவர்கள் சுட்டதில் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துப்போவது ஒஹாயோவில் வழக்கம். நான் பீநட் பட்டர் (வேர்க்கடலை வெண்ணெய்) குக்கீ கொண்டுவருவதாகப் பெயர் கொடுத்திருக்கிறேன். ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு நாழி, நட்சத்திரத் துளை போட்ட வில்லையோடு வீட்டில் இருக்கிறது. அதில் மாவைப் பிழியலாமா? அல்லது எல்லோரும் செய்வதுபோல் உருண்டை பிடித்து, முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்கும் அழுத்திவிடுவதா?

மகிழம்பூ (மினியாபொலிஸ்):
தாராளமாகப் பிழியுங்கள். இங்கே மினசோட்டாவில் ஜெர்மானிய, ஸ்காண்டிநேவிய வழிவந்த குடும்பங்களில் ஸ்பிரிட்ஸ் என்ற பிழிந்து சுடும் வெண்ணெய்க் குக்கீ இல்லாமல் கிறிஸ்துமஸ் இல்லை. அவர்கள் வைத்திருக்கும் கருவியைப் பார்த்தால் நம் நாழிதான்: ஒரு குழல், தள்ளுவதற்கு ஒரு தண்டு, அடியில் துளையிட்ட தகடு. வெண்ணெய் மாவைப் பிழிபவர்கள் பீநட் பட்டர் மாவையும் பிழிகிறார்கள். நாழியில் நீள நீளமாகப் பிழிந்து, விரல் நீளத்துக்கு நறுக்கி, ஒரு முனையை உருக்கிய சாக்லேட்டில் தோய்த்து வையுங்கள். பண்டிகைத் தட்டு நிறைந்து தெரியும். முள்கரண்டிக் குக்கீ வருடம் முழுக்கக் கடையில் கிடைக்கிறது. பண்டிகைக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக மெனக்கெட வேண்டும்.

பழைய அடுப்பு (நியூஜெர்சி):
மெனக்கெடுவதில் எனக்கு மறுப்பில்லை, அம்மா. மாவின் குணத்தை மறந்துவிட்டு மெனக்கெடுவதில்தான் மறுப்பு. பீநட் பட்டர் மாவு கனமானது. உருண்டையாக வைத்தால் தானாகப் படியாது. விளிம்பு சிவந்த பிறகும் நடுப்பகுதி வேகாமல் நிற்கும். அதனால்தான் அழுத்துகிறோம். 1932-இல் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி கெஸட் நாளிதழில் வந்த குறிப்பிலேயே உருண்டைகளை முள்கரண்டியால் இரு திசைகளிலும் அழுத்தச் சொல்லியிருக்கிறது. அமெரிக்காவில் எந்தக் குழந்தையும் அந்தக் கட்டக்கோட்டைப் பார்த்தவுடன் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடும். நாழியில் பிழிந்து மெல்லிய குச்சியாக்கினால் ஓரம் மொறுமொறுப்பாகவும் நடுவில் மெதுவாகவும் இருக்கும் அந்தச் சுவை போய், முழுக்க முறுகிவிடும். டேட்டன்வாசி, உருண்டை பிடியுங்கள்.

மகிழம்பூ:
1932-க்கு முன்னால் என்ன செய்தார்கள், ஐயா? மாவை மெல்லியதாகத் தேய்த்து வெட்டித்தான் சுட்டார்கள். ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் 1916-இல் வெளியிட்ட வேர்க்கடலைக் கையேட்டில் 105 பக்குவங்கள் இருக்கின்றன. அதிலும் கடலைக் குக்கீ வருகிறது. முள்கரண்டி பிறகு வந்து சேர்ந்த ஒரு வசதி. அதற்கு முன் மெல்லிய குக்கீயை மக்கள் விரும்பித் தின்றிருக்கும்போது, முறுகலானது பீநட் பட்டர் குக்கீயே ஆகாது என்பதை நான் ஏற்க மாட்டேன்.

மாவுக் கணக்கு:
இரண்டு பேருமே ஒரே மாவை மனத்தில் வைத்துப் பேசுகிறீர்கள். ஒரே மாவு இரண்டுக்கும் உதவாது. முள்கரண்டிக்கு 113 கிராம் வெண்ணெய், 130 கிராம் பீநட் பட்டர், வெள்ளையும் பழுப்புமாக 200 கிராம் சர்க்கரை, ஒரு முட்டை, 160 கிராம் மைதா, முக்கால் தேக்கரண்டி பேக்கிங் சோடா. இதை நாழியில் பிழிந்தால் சோடா மாவை எழுப்பிப் பரப்பிவிடும். நட்சத்திரத்தின் முனைகள் கரைந்து ஒரு சப்பட்டைப் பட்டைதான் மிஞ்சும். பிழிவதானால் சோடாவை அறவே விட்டுவிட வேண்டும், மைதாவை 190 கிராமாக ஏற்ற வேண்டும், சர்க்கரையை 150-க்குக் குறைக்க வேண்டும். சர்க்கரை கூடினாலும் ஓவனில் உருகி ஓடும். இரண்டுக்கும் சூடு 190 டிகிரி செல்சியஸ், எட்டு முதல் பத்து நிமிடம்.

பீநட் பட்டர் வாங்கும்போது கவனியுங்கள். அந்தப் பெயரில் விற்க வேண்டுமானால் 90 சதவீதம் கடலை இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. மீதியில் சேரும் கெட்டிப்படுத்திய தாவரக் கொழுப்புதான் எண்ணெய் மேலே மிதக்காமல் பிடித்துவைக்கிறது. பிழிவதற்கு அந்த வகை நல்லது. எண்ணெய் பிரிந்து நிற்கும் வகையில் மாவு ஒருபக்கம் கசியும், மறுபக்கம் உதிரும். கடலைத் துண்டுகள் கலந்தது நாழிக்கு ஆகவே ஆகாது, துளை அடைத்துக்கொள்ளும்.

மகிழம்பூ:
அருமையான கணக்கு. தட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெண்ணெய் தடவாத, காகிதம் விரிக்காத, ஆறிய தட்டில் பிழியுங்கள். மாவு தட்டைப் பற்றிக்கொண்டால்தான் வில்லையிலிருந்து அறுந்து விழும். மாவைக் குளிர்பெட்டியில் கல்லாக்கிவிட்டுப் பிறகு நாழியோடு மல்லுக்கட்டாதீர்கள்.

டேட்டன்வாசி:
பக்கத்து வீட்டு அம்மையாரிடம் கேட்டேன். இரண்டும் வேண்டாம், நடுவில் சாக்லேட் அழுத்திய பிளாஸம் செய் என்கிறார். ஒஹாயோக்காரர்களுக்கு அது சொந்தப் பெருமைபோல் இருக்கிறது.

பழைய அடுப்பு:
பெருமைப்பட உரிமை உண்டு. ஒஹாயோவின் கிப்ஸன்பர்க்கைச் சேர்ந்த ஃப்ரீடா ஸ்மித் என்ற பெண்மணி 1957-இல் பில்ஸ்பரி என்ற மாவு நிறுவனத்தின் சமையல் போட்டிக்குக் கொடுத்த பக்குவம் அது. முதல் பரிசு கிடைக்கவில்லை. ஆனாலும் நாடு முழுவதும் கிறிஸ்துமஸ் தட்டில் நிலைத்துவிட்டது. உருண்டையைச் சர்க்கரையில் புரட்டி, அழுத்தாமல் சுட்டு, ஓவனிலிருந்து எடுத்த கையோடு ஹெர்ஷேஸ் கிஸ் சாக்லேட்டை நடுவில் அழுத்த வேண்டும். ஓரங்கள் வெடிக்கும், வெடிக்கத்தான் வேண்டும். சாக்லேட்டின் தாளை முன்கூட்டியே உரித்து வைத்துக்கொள்ளுங்கள். இதுவும் கையால் அழுத்துவதுதான் என்பதை மகிழம்பூ அம்மா கவனிக்கட்டும்.

ஸ்காபரோ தாய்:
இவ்வளவு எழுதிவிட்டீர்கள், ஒருவர்கூடக் கேட்கவில்லையே: அந்தத் தெருவில் கச்சான் (வேர்க்கடலை) ஒவ்வாத பிள்ளை இருந்தால் என்ன செய்வது? என் மகனுக்குக் கச்சான் ஒவ்வாது. கடும் ஒவ்வாமை வந்தால் உடனே போடும் எபிநெஃப்ரின் ஊசி இல்லாமல் நாங்கள் வாசற்படி தாண்டுவதில்லை. இங்கே கனடாவின் ஒன்டாரியோவில் 2006 முதல் சப்ரினா சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு பள்ளிச் சபையும் கடும் ஒவ்வாமைக்கான ஏற்பாடுகளை எழுத்தில் வைத்திருக்க வேண்டும். பள்ளியில் அந்தப் பாதுகாப்பு உண்டு. பண்டிகைத் தட்டுக்கு எந்தச் சட்டமும் இல்லை. எல்லாக் குக்கீகளும் ஒரே மேசையில், ஒரே இடுக்கியால் எடுக்கப்படும் இடத்தில் கச்சான் குக்கீயே வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

பழைய அடுப்பு:
உங்கள் கவலை நியாயமானது, தங்கச்சி. ஆனால் முழுத் தடை கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மூடிய தனிப் பெட்டி, மேலே பெரிய எழுத்தில் பெயர், தனி மேசை, தனி இடுக்கி. அழைப்பிலேயே கேட்டுவிட்டால் யாருக்கு ஒவ்வாது என்று தெரிந்துவிடும். இருக்கிறார்கள் என்று தெரிந்தால் நானே வேறு குக்கீ சுடுவேன். இன்னொன்றும் சொல்கிறேன்: முள்கரண்டியைச் சோப்புப் போட்டுக் கழுவுவது எளிது. நாழியின் துளைகளில் ஒட்டிய மாவு அடுத்து பிழியும் வெண்ணெய்க் குக்கீயில் ஏறும். கடலை இல்லை என்று நம்பி ஒரு பிள்ளை அதைக் கையில் எடுக்கும்.

மகிழம்பூ:
நாழியைக் கழற்றி, வில்லையைச் சோப்புநீரில் ஊறவைத்துத் தூரிகையால் தேய்த்தால் போகாதது எதுவும் இல்லை. ஒரே நாளில் இரண்டும் செய்வதானால் வெண்ணெய் மாவை முதலிலும் கடலை மாவைக் கடைசியிலும் பிழிய வேண்டும்.

ஸ்காபரோ தாய்:
மன்னிக்கவும் அக்கா, மற்றவர் வீட்டு நாழி எப்படிக் கழுவப்பட்டது என்பதை நான் பார்க்க முடியாது. கச்சான் புழங்கிய நாழியில் பிழிந்ததை என் மகனுக்குக் கொடுக்க மாட்டேன். எங்கள் வீட்டில் அதே குக்கீயைச் சூரியகாந்தி விதை வெண்ணெயில் சுடுகிறோம். வறுத்த மணம் இருக்கிறது, பிள்ளைகள் விரும்பித் தின்கிறார்கள். டேட்டன்வாசி தம்பி, அதைக் கொண்டுபோங்கள்.

பழைய அடுப்பு:
அதை அந்த வீட்டுப் பிள்ளைக்காகச் செய்யலாம். கடலைக்கு ஈடாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பின்சுவையில் லேசான கசப்பு உண்டு. எல்லோருக்கும் அதையே வைத்தால் கேட்டு வந்தவர்கள் ஏமாறுவார்கள்.

மாவுக் கணக்கு:
சூரியகாந்திக்கு மாறுவதானால் ஒரு விஷயம். அந்த விதையில் இருக்கும் குளோரோஜெனிக் அமிலம் பேக்கிங் சோடாவோடு சேர்ந்தால் குக்கீ ஆற ஆற உள்ளே பச்சையாகிவிடும். தின்றால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் பரிமாற்ற மேசையில் பூஞ்சை பிடித்தது என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள்.

மகிழம்பூ:
அப்படியானால் பிழிவதற்கு நீங்கள் சொன்ன சோடா இல்லாத மாவுதான் அதற்குப் பொருத்தம். பச்சைக்கும் இடமில்லை, நட்சத்திரமும் கலையாது. டேட்டன்வாசி, உங்கள் நாழியில் இதுவரை கடலை ஏறவில்லை என்றால் அதிலேயே பிழியுங்கள்.

பழைய அடுப்பு:
சோடாவைப் பாதியாகக் குறைத்து ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டால் பச்சை பெருமளவு அடங்கும். அந்த மாவையும் உருண்டை பிடித்து முள்கரண்டியால் அழுத்தலாம். தம்பி, முதலில் அழைத்தவரிடம் ஒவ்வாமை பற்றிக் கேளுங்கள். யாருக்கும் இல்லை என்றால், கடலையை விட்டுக்கொடுக்காதீர்கள்.

டேட்டன்வாசி:
கேட்டுவிட்டேன். மூன்றாவது வீட்டில் ஒரு சிறுமிக்குக் கடலை ஒவ்வாது. நாழி புதிது, இன்னும் எதுவும் பிழியவில்லை. சூரியகாந்தி, சோடா இல்லாமல். மாவுக் கணக்கு, அதற்கும் மைதா 190 கிராம்தானா?

மாவுக் கணக்கு:
190-இல் தொடங்குங்கள். விதை வெண்ணெய் தளர்வாக இருந்தால் இன்னும் இரண்டு மேசைக்கரண்டி சேருங்கள். முதலில் மூன்று மட்டும் பிழிந்து சுட்டுப் பார்த்துவிட்டு மீதியைப் பிழியுங்கள். புட்டியின் பின்னால் கடலையும் கையாளும் ஆலையில் அரைத்தது என்று போட்டிருந்தால் அதை வாங்காதீர்கள்.