நேட்டால் போய் வந்த கொள்ளுத்தாத்தா: நாலு இடத்தில் நாலு பேர் (ஒரு இணையக் குழுவில் புனைபெயர்களில் நடந்த உரையாடல்)

நேட்டாலார் வீடு:

வணக்கம். திருவண்ணாமலை தாலுகாவில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. அங்கே எங்கள் குடும்பத்தை இன்றைக்கும் "நேட்டாலார் வீடு" என்றுதான் சொல்வார்கள். என் அப்பாவின் தாத்தா கரும்புத் தோட்ட வேலைக்குத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனவர். திரும்பி வந்து நிலம் வாங்கினார், கிணறு வெட்டினார். கூடவே ஒரு தம்பியும் கப்பல் ஏறினார், அவர் வரவே இல்லை என்பது வீட்டுப் பேச்சு. அந்தத் தம்பியின் பேர் யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கு இப்போது 84 வயது. "அவர் வழியில யாராவது இருக்காங்களான்னு பாரும்மா" என்று போன பொங்கலில் இருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

தேட உட்கார்ந்தால் பெரியவரின் பேரே பிடிபடவில்லை.

நேட்டாலில் ஒப்பந்தம் முடிந்ததற்குக் கொடுத்த ஆங்கிலக் காகிதம் ஒன்று இருக்கிறது. அதில் பேர் "மூன்சாமி", தகப்பன் பேர் "சின்னப்பென்", ஜில்லா தென் ஆற்காடு. ஐந்து இலக்க எண் ஒன்றும் உண்டு. நாலாக மடித்தே வைத்திருந்ததால் கடைசி இலக்கம் இருந்த இடம் மடிப்போடு கிழிந்துவிட்டது. அப்புறம் நிலப்பத்திரம், சுபகிருது வருஷம் தை மாதம் எழுதியது. அதில் "சின்னப்பையக் கவுண்டர் குமாரர் முனியப்பக் கவுண்டர்". கிணற்று மேடைக் கல்லில் "நேட்டால் முனுசாமி". தாத்தாவின் பள்ளிக்கூட சர்டிபிகேட்டில் மட்டும் தகப்பனார் பேர் "குப்புசாமி"!

பாட்டியிடம் கேட்டிருக்கலாமே என்பீர்கள். பாட்டி அந்த வீட்டு மருமகள். கடைசி வரை மாமனார் பேரைச் சொல்லவே இல்லை. "பெரியவங்க" என்பார், அவ்வளவுதான். நான் விடாமல் நச்சரித்தால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டுவார்.

இவ்வளவும் ஒரே ஆளா? நாங்கள் பழைய வட ஆற்காடு ஜில்லாக்காரர்கள். காகிதத்தில் தென் ஆற்காடு என்று இருப்பதைப் பார்த்தால் வேறு யாருடைய காகிதமோ என்றும் பயமாக இருக்கிறது.

பழம்பத்திரம்:

அம்மா, நான் முப்பது வருஷம் பத்திரம் எழுதினவன். முதலில் ஜில்லா சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். திருவண்ணாமலை தாலுகா 1911 வரைக்கும் தென் ஆற்காட்டில்தான் இருந்தது. அந்த வருஷம் சித்தூர் தனி ஜில்லாவாகப் பிரிந்தபோதுதான் வட ஆற்காட்டோடு சேர்ந்தது. ஆகவே உங்கள் காகிதம் சரியாகத்தான் சொல்கிறது.

சுபகிருது தை என்றால் 1903 ஜனவரி அல்லது பிப்ரவரி. காகிதப்படி அவர் ஒப்பந்தத்தை முடித்திருக்கிறார், ஒப்பந்தம் என்றால் ஐந்து வருஷம். அப்படியென்றால் 1898-க்கு முன்பே போயிருக்க வேண்டும். தேட வேண்டிய காலம் குறைந்துவிட்டது பாருங்கள்.

முனியன், முனியப்பன், முனுசாமி எல்லாம் ஒரே சாமி பேர். வீட்டில் ஒன்று, ஊரில் ஒன்று, பத்திரத்தில் ஒன்று என்று அந்தக் காலத்தில் சர்வ சாதாரணம். நான் எழுதின பத்திரங்களிலேயே "முனியன் என்கிற முனுசாமி" மாதிரி எத்தனையோ உண்டு. விவரம் தெரிந்த எழுத்தர் என்றால் "என்கிற" போட்டுவிடுவார். போடாமல் விட்டதால்தான் நூறு வருஷம் கழித்து உங்களுக்கு இந்தத் தவிப்பு.

இன்னொன்று. சார்பதிவாளர் அலுவலகத்தில் பேரை வைத்து மட்டும் தேடாதீர்கள். அங்கே இரண்டு அட்டவணை உண்டு. முதலாவது ஆள் பேர்ப்படி, இரண்டாவது சொத்துப்படி. பேர் மாறும், நிலம் நகராது. பத்திரத்தில் உள்ள பழைய சர்வே எண்ணைச் சொல்லி இரண்டாவது அட்டவணையில் பார்க்கச் சொல்லுங்கள். அதே நிலம் பின்னால் உங்கள் தாத்தா கைக்கு வந்த பத்திரத்தில் "என் தகப்பனார் இன்னார்" என்று அவரே சொல்லியிருப்பார். பள்ளிக்கூட சர்டிபிகேட்டை விட எனக்கு அதுதான் பெரிய சாட்சி.

கரும்புக்காடு:

வேலை நிமித்தம் டர்பனில் சில வருஷம் இருந்தேன். அங்கே உள்ள நண்பர்களுக்காக இதே தேடலை எதிர்ப்பக்கத்தில் இருந்து செய்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

அந்த எண்ணை உயிர் போலக் காப்பாற்றுங்கள். 1860 நவம்பர் 16-ல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் போய்ச் சேர்ந்ததில் இருந்து 1911 வரைக்கும் சுமார் 1,52,000 பேர் ஒப்பந்தத்தில் நேட்டாலுக்குப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். பேரை எப்படி எழுதினாலும் எண் மாறாது. தோட்டக் கணக்கு, கல்யாணம், பிள்ளை பிறப்பு எல்லாவற்றிலும் அதுதான் கூட வரும்.

பேர் ஏன் அப்படி ஆனது என்றால், நம்மவர் வாயால் சொன்னதைச் சென்னை டிப்போவில் (கப்பல் ஏறும் முன் ஆட்களைத் தங்கவைத்த இடம்) ஒரு குமாஸ்தா காதால் கேட்டு எழுதினார். அங்கே இறங்கின பிறகு, நம் பாஷையே தெரியாத இன்னொருவர் எழுதினார். முனுசாமி "மூன்சாமி" ஆனார், ராமசாமி "ராம்சாமி" ஆனார். கோவிந்தன் "கோவிந்தென்". நமக்கு க-வும் ட-வும் ப-வும் ஒரே எழுத்தில் இரண்டு ஓசை என்பதால் அவர்கள் கேட்டபடி எழுதினார்கள். சின்னப்பையன் "சின்னப்பென்" ஆனதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மெதுவாக ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

தம்பி அங்கேயே தங்கியிருந்தால் வேறொரு சிக்கல் வரும். அங்கே குடும்பப் பேர் கட்டாயம். சிலருக்குத் தன் பேர் பிள்ளைகளின் குடும்பப் பேர் ஆனது, சிலருக்குத் தகப்பன் பேர், சிலருக்குப் பட்டப் பேர். இன்றைக்கு டர்பனில் நிறையப் பேருக்கு இருக்கும் 'கோவேந்தர்' நம் கவுண்டர்தான், 'மூட்லி' முதலியார். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேரின் வாரிசுகளுக்கு இரண்டு குடும்பப் பேர் இருப்பதை நானே பார்த்தேன்.

கடைசி இலக்கம் கிழிந்ததற்குக் கலங்காதீர்கள். மொத்தம் பத்தே எண்தானே! எண்கள் கப்பல் வரிசையில் போட்டவை, பத்தும் பெரும்பாலும் ஒரே கப்பலாகத்தான் இருக்கும். பட்டியலில் தகப்பன் பேர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் வரை உண்டு. டர்பனில் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுதுலி ஆவண மையம் அந்தப் பட்டியல்களைக் கணினியில் ஏற்றியிருக்கிறது. பத்தையும் பாருங்கள். முன்னும் பின்னும் உள்ள எண்களையும் விடாதீர்கள், ஒரே ஊர்க்காரர்கள் பக்கத்துப் பக்கத்து எண்ணில் நிற்பார்கள்.

மருமகள்:

அக்கா, மேலே எல்லாரும் எழுதி வைத்ததைத் தேடுகிறார்கள். பாட்டி எதைச் *சொல்லாமல்* விட்டார் என்று யோசியுங்கள்.

என் அம்மாவின் மாமனார் பேர் வெல்லமுத்து. அம்மா கடையில் வெல்லம் கேட்க மாட்டார், "இனிப்புக்கட்டி" என்பார். உங்கள் பாட்டியும் அந்தத் தலைமுறைதானே? முனி என்று தொடங்கும் எதையாவது வேறு மாதிரி சொன்னாரா? குப்பை என்ற சொல்லைத் தாராளமாகச் சொன்னாரா?

நேட்டாலார் வீடு:

இதைப் படித்துவிட்டு ராத்திரி வெகு நேரம் தூக்கம் வரவில்லை.

எங்கள் ஊர் ஏரிக்கரையில் முனீஸ்வரன் கோயில் இருக்கிறது. ஊர் முழுக்க முனீஸ்வரன் கோயில் என்பார்கள். பாட்டி மட்டும் "கரையோரத்து சாமி" என்றே சொல்வார். அது பாட்டியின் பக்திப் பேச்சு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவைக் கேட்டேன். "ஆமாம், அந்தப் பேரை அம்மா சொல்லி நான் கேட்டதே இல்ல" என்றார்.

குப்பைமேடு, குப்பைக்கூடை, குப்பை வண்டி எல்லாம் ஒரு நாளைக்குப் பத்து முறை பாட்டி வாயில் வரும். குப்புசாமி நிச்சயமாக அவர் மாமனார் இல்லை. அப்பா யோசித்துச் சொன்னார்: தாத்தாவின் தாய்மாமன் பேர் குப்புசாமி, அவர் வீட்டில் தங்கித்தான் தாத்தா படித்தாராம். கொண்டுபோய்ச் சேர்த்தவரைத் தகப்பன் என்று எழுதிவிட்டார்கள் போலிருக்கிறது.

பத்து எண்களையும் மகன் பார்த்துக்கொண்டிருக்கிறான். வந்ததும் எழுதுகிறேன்.

பழம்பத்திரம்:

மருமகள் சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை. எத்தனை பத்திரம் எழுதியிருக்கிறேன்! காத்திருக்கிறேன் அம்மா.

நேட்டாலார் வீடு:

மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, இப்போது தேவலை.

பத்து எண்ணில் மூன்சாமி இரண்டு பேர். படித்ததும் திக்கென்றது. ஒருவருக்குத் தகப்பன் பெருமாள், ஜில்லா செங்கல்பட்டு. இன்னொருவருக்குத் தகப்பன் பேர் "சின்னபீன்", தென் ஆற்காடு, தாலுகா "திரினாமலை", வயது 24. கிராமத்தின் பேரை எழுத்தெழுத்தாகக் கூட்டி வாய்விட்டுச் சொன்னால் எங்கள் ஊர்தான். இடது முழங்காலில் தழும்பு என்று எழுதியிருக்கிறது. அதைப் பற்றி வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது.

அதற்கு அடுத்த எண்: "ஆர்னசெல்லம்". வயது 19. அதே தகப்பன், அதே ஊர்.

அப்பாவிடம் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். "ஆர்னசெல்லம், ஆர்னசெல்லம்" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். அப்புறம் "அருணாசலம்" என்றார். என் பெரியப்பா பேர் அருணாசலம். தாத்தா தன் தலைப்பிள்ளைக்கு வைத்த பேர். திருவண்ணாமலைக்காரர்கள் வீட்டில் அந்தப் பேர் இல்லாமல் இருக்காது என்பதால், யார் பேரை வைத்தார்கள் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. தன் சித்தப்பா பேரைத்தான் வைத்திருக்கிறார் தாத்தா. தம்பி பேர் தெரியாது தெரியாது என்று சொல்லிக்கொண்டே தினமும் அதைத்தான் கூப்பிட்டிருக்கிறோம்.

கரும்புக்காடு:

அக்கா, மனசு நிறைந்துவிட்டது.

இனிமேல் தம்பியின் எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இந்தியக் குடியேற்றத் துறைக் கோப்புகளும் இறந்தவர்களின் சொத்துக் கோப்புகளும் இருக்கின்றன. சொத்துக் கோப்பு கிடைத்தால் அதில் மனைவி, பிள்ளைகள் பேர் வரும். குடும்பப் பேரை ஆர்னசெல்லம், அருணாசலம், சின்னப்பென், கோவேந்தர் என்று நான்கு விதமாகவும் கேளுங்கள். டர்பனில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர் போய்ப் பார்ப்பார். இரண்டு எண்களையும் எனக்குத் தனி மடலில் அனுப்புங்கள்.

நேட்டாலார் வீடு:

அனுப்பிவிட்டேன். எண்ணை அப்பாவே தன் கையால் எழுதிக் கொடுத்தார்.